பேச்சாளர் எங்கே இருக்கிறார்?

நம் சங்கத்தின் நிரலாளர் வட்டத்திற்கு வருகிற ஆகஸ்டு மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. ஓராண்டு நிறைந்த குழந்தைக்குப் பிறந்த நாள் கொண்டாடுவது வழக்கம். ஆனால் சென்ற மாதம் கூடிய செயற்குழுவில் இந்தக் குழந்தையை வளர்ப்பதா, கைவிடுவதா என்பதே பேச்சாக இருந்தது. "பேச ஆள் கிடைப்பதில்லை, கேட்க ஆள் வருவதில்லை, எதைப் பேசுவது என்பதிலும் ஒருமைப்பாடு இல்லை" என்று மூன்று குறைகளை நண்பர்கள் எடுத்துரைத்தார்கள். மூன்றும் உண்மை. மூன்றுக்கும் பெரும்பாலும் பொறுப்பாளி, வட்டத்தின் செயலாளனாகிய நான்தான். ஆயினும் வட்டத்தை மூடிவிட வேண்டும் என்ற முடிவுக்கு என்னால் உடன்பட முடியவில்லை. ஏன் என்பதை நம் இதழின் வாயிலாக எல்லோர் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

கணினிக்கு நிரல் எழுதுவதை இன்று எல்லோரும் 'கோடிங்' என்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்து அறிவியல் பயிலும் நம்மில் பலருக்கு இது பாடத்திட்டத்தில் பாதியாகவும், வயிற்றுக் கலக்கமாக முழுதாகவும் இருக்கிறது. இயற்பியலோ, வேதியியலோ, விலங்கியலோ எதைப் படித்தாலும் ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் எண்களைக் கணினிதான் விழுங்க வேண்டியிருக்கிறது. கற்றுக்கொடுப்பார் இல்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் கேட்பதென்றால் கூச்சம் இரட்டிப்பாகிறது. ஆகவே நமக்குள் மாதம் ஒருமுறை கூடி இதைப் பேசிக்கொள்வோம் என்று தொடங்கியதே நம் வட்டம்.

தொடங்கியது நல்ல நோக்கத்தோடுதான். நடத்திய முறையில்தான் பிழை நேர்ந்தது. செயலாளர் என்ற பெயர் கிடைத்ததும் எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. பெரிய மனிதர்களை அழைத்து வரவேண்டும். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். அந்தப் படம் நம் இதழில் வரவேண்டும். படத்தின் ஓரத்தில் நானும் நிற்க வேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருந்தது என்பதை மறைப்பானேன்?

முதற் கூட்டத்திற்குக் குருகிராமத்தில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். செயற்கை நுண்ணறிவு பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். நாற்பது பேர் கேட்டோம். அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் திரையில் ஓடின. கடைசிப் பதினைந்து நிமிடம் அவருடைய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்வது எப்படி என்பதைப் பற்றியது. கைதட்டினோம், தேநீர் குடித்தோம், கலைந்தோம். மறுநாள் காலை, முதல் நாள் காலையில் எங்களால் செய்ய முடியாத ஒன்றையாவது செய்ய முடிந்தவர் எங்களில் ஒருவர்கூட இல்லை. இரண்டாம் கூட்டத்திற்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு மாதங்கள், ஒப்புக்கொண்டவர்கள் வர இயலாமற் போனதால், கூட்டமே நடக்கவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை. தில்லியின் மூடுபனியை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. எதிரே வருபவரின் மப்ளர் தெரியும், முகம் தெரியாது. அன்றைய பேச்சாளர் நாலரை மணிக்கு, வர இயலவில்லை என்று செய்தி அனுப்பினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு நாளைக்கு முன்பு அழைத்தால் யார்தான் வருவார்? வந்திருந்த பதினொரு பேரில் ஐவர் எழுந்து போனார்கள். ஆறு பேர் எஞ்சினோம். வெளியே குளிருக்குப் பயந்து உள்ளே உட்கார்ந்திருந்தோம் என்பதே பொருந்தும்.

அந்த ஆறு பேரில் வேதியியல் முதுகலை படிக்கும் ஒரு தோழி இருந்தார். தருமபுரிப் பக்கம். எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. அன்று ஆள் குறைவாக இருந்த தைரியத்தில், "அண்ணா, ஒன்று காட்டலாமா? சிரிக்கக் கூடாது" என்று சொல்லித் தம் மடிக்கணினியைத் திறந்தார்.

அவர் ஒரு பொருளைச் சிறிது சிறிதாகச் சூடாக்கி, 5 டிகிரி தொடங்கி 100 டிகிரி வரை ஐந்தைந்து டிகிரிக்கு ஒருமுறை அளவெடுத்திருந்தார். ஒரு மாதிரிக்கு இருபது கோப்புகள். பதினைந்து மாதிரிகளுக்கு முந்நூறு கோப்புகள். கோப்பின் பெயரே வெப்பநிலை: 5, 10, 15 என்று 100 வரை. யாரோ எழுதிக் கொடுத்த ஒரு சிறு நிரல் அவற்றை வரிசையாகப் படித்து வரைபடம் போட்டது. அந்த வரைபடத்தில் 10 டிகிரியில் ஒரு தாவல். 50 டிகிரியில் ஒரு தாவல். பதினைந்து மாதிரிகளிலும் அதே இடத்தில் அதே தாவல்! அந்தப் பொருளில் யாரும் அறியாத நிலைமாற்றம் ஒன்றைத் தாம் கண்டுவிட்டதாக அவர் இரண்டு வாரமாக நம்பிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை பேராசிரியரிடம் காட்டுவதாக இருந்தார்.

எனக்கு அந்த வரைபடத்தைப் பார்த்ததும் முதுகு சில்லிட்டது. குளிரினால் அன்று. அந்தத் தாவலை நான் முன்பே பார்த்திருக்கிறேன், என் சொந்த வரைபடத்தில்!

நடந்தது இதுதான். கோப்பின் பெயரைக் கணினி எண்ணாகப் படிப்பதில்லை, எழுத்தாகப் படிக்கிறது. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல் முதலெழுத்தைப் பார்த்து அடுக்குகிறது. ஆகவே 10 முதலில் வரும். அதன் பின்னே 100 வரும். பிறகு 15, 20 என்று போய், 45-க்குப் பின் 5 வரும்; அதன் பின் 50. வரிசையில் இரண்டாவதாக நிற்பது 100 டிகிரியின் அளவு. வரைபடமோ அதை 10 டிகிரி என்று எண்ணிக் குறிக்கிறது. பத்தாவதாக நிற்பது 5 டிகிரியின் அளவு. அதை 50 என்று குறிக்கிறது. இரண்டு தாவல்களும் பிறந்த கதை இவ்வளவே. இயற்கையில் நிலைமாற்றம் எதுவும் நிகழவில்லை, அடுக்கில்தான் தடுமாற்றம். கோப்புகளைத் திரையில் திறந்து பார்த்தாலும் ஐயம் தோன்றாது. ஏனெனில் கணினியின் கோப்புச் சாளரம் நம் வசதிக்காக எண்வரிசையிலேயே அடுக்கிக் காட்டக்கூடும். நிரல் அப்படி அடுக்குவதில்லை. பெயரை எண்ணாக மாற்றி அடுக்கு என்று ஒரே ஒரு வரி சேர்த்தோம். தாவல்கள் மறைந்தன. வளைவு அமைதியாக மேலேறியது.

அந்தத் தோழி சற்று நேரம் பேசவில்லை. கண் கலங்கியது. பிறகு, "நல்ல வேளை, திங்கட்கிழமைக்கு முன்னால் தெரிந்தது" என்றார்.

இதே பிழையை நான் சென்ற கோடை விடுமுறைத் திட்டப்பணியில் செய்திருந்தேன். எனக்கு அப்படிப்பட்ட சனிக்கிழமை எதுவும் வாய்க்கவில்லை. பேராசிரியரின் முன்னால்தான் அது வெளிப்பட்டது. வெட்கத்தினால் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதம் அந்த ஒருவரி அறிவைப் பூட்டி வைத்திருந்தேன். அந்த ஆறு மாதமும், வட்டத்தில் பேச ஆள் இல்லையே என்று ஊரெல்லாம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டும் இருந்தேன். கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைந்தவன் என்று பிறரைச் சொல்வார்கள். அன்று என்னையே சொல்லிக்கொண்டேன்.

நண்பர்களே, நான் சொல்ல வந்த கருத்து இதில் அடங்கியிருக்கிறது. பேச்சாளர் வெளியே இல்லை. நமக்குள்ளே, சென்ற வாரம் ஏதோ ஒன்றில் தடுமாறி விழுந்து எழுந்தவராக உட்கார்ந்திருக்கிறார். பள்ளம் எங்கே இருக்கிறது என்பதை விழுந்தவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை. இருபது ஆண்டுப் பட்டறிவு உடையவருக்கு அந்தப் பள்ளம் மறந்தே போயிருக்கும். நாம் ஏன் விழுகிறோம் என்பதே அவருக்கு விளங்காது.

உள்ளூர் மாடு விலை போகாது என்பது பழமொழி. அது மாட்டின் குறையன்று. வாங்குவோரின் கண்ணிலுள்ள குறை. பிப்ரவரிக் கூட்டத்தில் தருமபுரித் தோழியையே பேசச் சொன்னோம். பதினைந்து நிமிடம், அந்த ஒரே பிழையைப் பற்றி. முதல் ஐந்து நிமிடம் குரல் நடுங்கியது. பிறகு நடுக்கம் போய்விட்டது. இருபத்துமூன்று பேர் கேட்டார்கள். முடிந்ததும் ஓர் அதிசயம் நடந்தது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து, "எனக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது" என்று சொல்லத் தொடங்கினார்கள். விலங்கியல் நண்பர் ஒருவர், சில மரபணுக்களின் பெயரை எக்செல் தேதியாக மாற்றிவிடும் கதையைச் சொன்னார். செப்டம்பர், மார்ச்சு மாதங்களின் பெயரைப் போல் ஒலிக்கும் மரபணுக் குறியீடுகளை அது தேதி என்றே எடுத்துக்கொள்கிறது. மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்து வெளியான ஆய்வுக்கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இவ்வகைப் பிழை இருந்ததாக 2016-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கண்டது. முடிவில், பெயர் சூட்டும் பன்னாட்டுக் குழுவே 2020-இல் அந்த மரபணுக்களின் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. உலகத்து அறிஞர்களே விழுந்த பள்ளம் இது என்று கேட்டபோது எங்களுக்கு வெட்கம் போயிற்று, விழிப்பு வந்தது.

பெரியவர்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அங்கே பொதுச் சொற்பொழிவுகள் நடந்தன. ஆனால் அந்தக் கழகத்தை உலகம் அறியச் செய்தவர், அங்கே அழைக்கப்பட்ட பெரும் பேச்சாளர் எவரும் அல்லர். 1907-இல் அரசாங்கத்தின் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தாவுக்குப் பணியேற்க வந்த, வயது இருபதும் நிரம்பாத ஒரு தமிழர், சி.வி. இராமன். அலுவலக வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில் அந்தக் கழகத்தின் மேசையில் உட்கார்ந்து சோதனை செய்தார். 1928-இல் அதே இடத்தில்தான் அவர் பெயரைத் தாங்கிய ஒளிச்சிதறல் கண்டறியப்பட்டது. அவருடன் உழைத்த கே.எஸ். கிருஷ்ணன், எங்கள் ஊருக்கு அருகிலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தவர். பின்னாளில் இதே தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக இருந்தவர். பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஊர்விட்டு ஊர் வந்த தமிழர்கள் மேசையைச் சுற்றிக் கூடியதால் விளைந்த பயனுக்கு இதனினும் சான்று வேண்டுமா?

கணினி உலகிலும் இத்தகைய கதை உண்டு. 1975 மார்ச்சு 5-ஆம் நாள் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க் என்னும் ஊரில் ஒருவர் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு கூட்டம் நடந்தது. ஹோம்புரூ கணினி மன்றம் என்று பின்னர்ப் பெயர் பெற்றது அது. அங்கே மேடையும் மாலையும் இல்லை. வந்தவர்கள் தம்மிடம் என்ன இருக்கிறது, தமக்கு என்ன தேவை என்று வெளிப்படையாகச் சொல்லுவார்கள். பிறகு தேவைக்கு ஏற்பச் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து பேசிக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த, பேசுவதற்குக் கூச்சப்பட்ட ஓர் இளைஞர்தான் ஸ்டீவ் வோஸ்னியாக். ஆப்பிள் நிறுவனத்தின் முதற் கணினியை அவர் தம் நண்பர்களுக்குக் காட்டியது அந்த மன்றத்தில்தான். அங்கே புகழ்பெற்றவர்களை மட்டும் பேசவிட்டிருந்தால் அவர் கடைசிவரை பின்வரிசையிலேயே இருந்திருப்பார்.

இதற்கு ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். செயற்குழுவிலேயே ஒரு நண்பர் கேட்டார்: "குருடனுக்குக் குருடன் கோல் பிடிப்பதா? தவறாகக் கற்றவர் தவறாகத்தானே கற்பிப்பார்?" நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு காப்புகளை முன்மொழிகிறேன். ஒன்று: எவர் பேசினாலும் நிரலை எல்லோர் முன்னும் ஓட்டிக் காட்ட வேண்டும், விடை முன்பே தெரிந்த ஒரு சிறு கணக்கைக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். ஓடாத நிரலைப் பற்றி ஓடுவதுபோல் பேச இடமிருக்கக் கூடாது. மற்றொன்று: ஆராய்ச்சிப் பட்டத்திற்கு உழைக்கும் நம் மூத்தவர் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்க வேண்டும். பேசுவது அவர் வேலையன்று. "அது அப்படியில்லை" என்று உரிய இடத்தில் சொல்வதே அவர் வேலை.

வெளியிலிருந்து எவரையுமே அழைக்கக் கூடாது என்பது என் கருத்தன்று. கிணற்றுத் தவளைகளாக நாம் இருந்துவிடலாகாது. பருவத்திற்கு ஒருவரை அழைப்போம். ஆனால் அழைக்கும் முறையை மாற்றுவோம். இதுவரை நான் எழுதிய கடிதங்கள், "தாங்கள் வந்து தங்களுக்கு விருப்பமான பொருள் பற்றி உரையாற்ற வேண்டும்" என்பதாகவே இருந்தன. விருப்பமான பொருளைப் பற்றிப் பேசச் சொன்னால், அவர் வேறு எங்கோ பேசியதைத்தான் இங்கும் பேசுவார். இனி எழுதும் கடிதத்தில் ஐந்து செய்திகள் இருக்கட்டும்: நாம் யார், எத்தனை பேர், நமக்கு என்ன தெரியும், நாம் எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறோம், அவரிடம் கேட்க விரும்பும் ஒரே கேள்வி என்ன. "முந்நூறு கோப்புகளை நாங்கள் இப்படிக் கையாள்கிறோம், தங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்று லட்சம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அறிஞர்களுக்குப் பாராட்டைவிட நல்ல கேள்வியே அழைப்பாகும். ஆறு வாரம் முன்னதாக எழுதுவோம். நாற்பது நிமிடம் போதும் என்று சொல்வோம். வரவும் போகவும் யார் துணை என்பதையும் குறித்துவிடுவோம். வராவிட்டால் அந்த மாலையில் பேச நம்மவர் ஒருவர் ஆயத்தமாக இருக்கட்டும்.

இனி, எதைப் பேசுவது என்னும் அடுத்த கேள்விக்கு வருவோம். எதையும் பேசலாம் என்று கூடும் வட்டம் எதையும் உருப்படியாகப் பேசாது. ஒரு மாதம் இணையதளம் அமைத்தல், மறுமாதம் செயற்கை நுண்ணறிவு, அதற்கடுத்த மாதம் நுழைவுத்தேர்வுக் கணக்கு என்று தாவினால் ஒவ்வொரு மாதமும் முதல் மாதமாகவே இருக்கும். ஆகவே ஓராண்டுக்கு ஒரு பொருள் என்று உறுதி செய்ய வேண்டும். எந்தப் பொருள் என்பதைத் தேர மூன்று உரைகற்களை வைக்கலாம். முதலாவது, அது இந்த வாரம் நம் மேசை மேல் கிடக்கும் வேலைக்கு உதவுமா? இரண்டாவது, அதைப் பற்றிப் பேச நமக்குள்ளேயே ஆறு பேரையாவது எண்ண முடியுமா? மூன்றாவது, ஒன்றுமே அறியாமல் வரும் முதலாண்டு மாணவர் இரண்டு கூட்டத்திற்குள் கையை நுழைக்க முடியுமா?

நண்பர்களில் ஒரு சாரார் செயற்கை நுண்ணறிவே வேண்டும் என்கிறார்கள். காலத்தின் வேகம் அப்படி, நானும் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பேசக்கூடியவர்கள் நம்மில் இருவரே. அதன் அடித்தளமான கணக்கு பலருக்கு இன்னும் கைவரவில்லை. தவிரவும், வரிசை தவறிய எண்களை எவ்வளவு அறிவுள்ள இயந்திரத்தின் வாயில் போட்டாலும் தவறான விடைதான் வெளிவரும். நிரலையே இயந்திரம் எழுதித் தருகிறதே, கற்பானேன் என்று கேட்போரும் உண்டு. எழுதித் தருகிறது, உண்மை. தருமபுரித் தோழிக்கும் நிரல் பிறர் எழுதித் தந்ததுதான். எழுதியவர் யாராயினும், விடை சரியா என்று பார்க்கும் கடமை நம்முடையதே. மற்றொரு சாரார் வேலைத்தேர்வுக்கான புதிர்க்கணக்குகளைக் கேட்கிறார்கள். வேலை வேண்டும் என்ற ஏக்கத்தைக் குறைத்துப் பேசும் உரிமை எனக்கில்லை. எனக்கும் அது உண்டு. எனினும் அந்தப் பயிற்சி தனியாக, இரவில், அறையில் உட்கார்ந்து செய்யக்கூடியது. அதற்காக ஒரு கூட்டம் தேவையில்லை.

ஆய்வில் கிடைக்கும் எண்களையும் எழுத்துகளையும் ஒழுங்குபடுத்தி, சரிபார்த்து, வரைந்து காட்டுதல். இதுவே வரும் ஓராண்டுக்கு நம் பொருளாக இருக்கட்டும் என்பது என் முன்மொழிவு. மொழி பைதான். 1991-இல் வெளிவந்த இந்த மொழிக்கு விலை இல்லை. பள்ளியில் அரசு கொடுத்த என் பழைய மடிக்கணினியிலும் அது ஓடுகிறது. இயற்பியல் முதல் பொருளியல் வரை எல்லாத் துறையினரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் வரைபடம் போட நாம் கையாளும் மேட்பிளாட்லிப் என்னும் கருவியை 2003-இல் வெளியிட்டவர் ஜான் ஹன்டர் என்னும் நரம்பியல் ஆய்வாளர். காக்காய் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் தாம் பார்ப்பதற்காக அவர் செய்துகொண்டது அது. 2019-இல் கருந்துளையின் முதற் படத்தை உருவாக்கிய விஞ்ஞானிகளின் கையிலும் அது இருந்தது. தன் மேசை வேலையைச் செவ்வனே செய்யப் புகுந்தவனின் உழைப்பு உலகத்துக்கே பயன்பட்டது என்பதற்காக இதைச் சொல்லுகிறேன்.

தமிழுக்கு இதில் இடம் இல்லையா என்று மூன்றாவது சாரார் கேட்கிறார்கள். நம் சங்கத்தில் அது தலையாய கேள்விதான். இடம் உண்டு, ஓரத்தில் அன்று, நடுவிலேயே உண்டு. தமிழிலக்கிய ஆய்வு செய்யும் நம் நண்பர் ஒருவர், ஒரு நூலின் சொற்களையெல்லாம் அகரவரிசையில் அடுக்க முயன்றார். சொல்லின் இரண்டாம் எழுத்தில் 'ப' உள்ளவை வரவேண்டிய இடத்தில், 'ன' உள்ளவை முந்திக்கொண்டு நின்றன. 'வ'கரத்திற்கு முன்னே 'ழ'கரமும் 'ள'கரமும் வந்து நின்றன. யூனிகோடு அட்டவணையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தும், 'ற' என்பது 'ர'வுக்கு அடுத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. நம் நெடுங்கணக்கின் வரிசை வேறு. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைதானைக் கேட்டால் ஐந்து என்கிறது, நமக்கோ மூன்று. 'மி' என்பதை அது மகரமும் கொக்கியுமாகப் பிரித்து எண்ணுகிறது. 'ழ்' என்பதை ழகரமும் புள்ளியுமாக எண்ணுகிறது.

இதை அவர் வட்டத்தில் சொன்னபோது வேதியியல் தோழி முகத்தில் புன்னகை தோன்றியது. "இதுவும் என் தப்புதான்" என்றார். உண்மை. 10-க்குப் பின் 100 வந்ததும், 'ந'வுக்குப் பின் 'ன' வந்ததும் ஒரே நோய். கணினி தனக்குத் தெரிந்த வரிசையில் அடுக்குகிறது. நாம் நம் வரிசையை அதற்குச் சொல்லிக் கொடுக்க மறந்துவிடுகிறோம். ஒரே கூட்டத்தில் வேதியியலும் இலக்கணமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. பொருளைக் குறுக்கினால் ஆட்கள் குறைவார்கள் என்று அஞ்சினோம்; பொருள் சரியாக அமைந்தால் துறைகள் கூடுகின்றன என்பதை அன்று கண்டேன்.

கூட்டம் எந்த மொழியில் நடக்க வேண்டும்? தமிழில்தான். ஆங்கிலத்தை வெறுத்துச் சொல்லவில்லை; ஆய்வுக்கட்டுரையை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறோம். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம், பலருக்கு அம்மாவிடம் பேசிய மொழியில்தான் வருகிறது. தருமபுரித் தோழி ஆங்கிலத்தில் பேசியாக வேண்டும் என்றிருந்தால் அன்று அந்த மடிக்கணினி திறந்திருக்காது. கலைச்சொல் சண்டையில் நேரத்தைப் போக்க வேண்டாம். 'லூப்' என்று வாயில் வந்தால் லூப். 'மடக்கு' என்று வந்தால் மடக்கு. பொருள் விளங்கினால் போதும். சொல் தானே படிந்துவிடும். தமிழ் அறியாத நண்பர் எவரேனும் வந்தால் அவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லட்டும். என் அறைத்தோழர் மலையாளி. துணையில்லாமலே முக்கால் பங்கு புரிந்துகொள்கிறார்.

நண்பர்களே, கூட்டத்தின் வெற்றியை நாற்காலிகளை எண்ணி அளப்பதை விட்டுவிடுவோம். வந்தவர்களில் எத்தனை பேர் திங்கட்கிழமை காலை வேறு மாதிரி வேலை செய்தார்கள் என்று எண்ணுவோம். முதற் கூட்டத்தில் நாற்பது பேர் வந்தார்கள். அந்தக் கணக்கில் விடை சுழியம். ஜனவரிக் கூட்டத்தில் ஆறு பேர் இருந்தோம், விடை ஒன்று. அந்த ஒன்று ஒரு மாணவியின் ஆய்வைக் காப்பாற்றியது.

எனக்கு இன்னும் சில வாரங்களில் படிப்பு முடிகிறது. செயலாளர் பொறுப்பை ஒப்படைக்கும்போது பொன்னாடைப் படங்களைத் தர என்னிடம் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் இரண்டு கோடிட்ட இடங்கள் விட்டிருக்கிறேன்: 'நான் விழுந்த இடம்', 'எழுந்த விதம்'. முதற் பக்கத்தில் என் பெயரை எழுதி, என் பேராசிரியர் முன்னால் நான் தலைகுனிந்த கதையை எழுதிவிட்டேன். வரும் முதற் சனிக்கிழமை, வழக்கமான அறையில், மாலை ஐந்து மணிக்கு அதைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசப்போகிறேன். இரண்டாம் பக்கம் தருமபுரித் தோழியுடையது. மூன்றாம் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதற்குரியவர் இதைப் படித்துக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம். பேனாவை நானே கொண்டுவருகிறேன்.